ஆறாம் புத்தகம் வந்த பின்னேரம்

தம்பி சேந்தனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. பொங்கலுக்கு வருவதாக இருந்த பயணத்தை விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். "வந்து என்னப்பா செய்யிறது? அம்மாவுக்கு என்னைத் தெரியப்போகுதே?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். பிறகு நீ அங்கத்தைய பனியைப் பற்றிக் கதைத்தாய், நான் இங்கத்தைய மழையைப் பற்றிக் கதைத்தேன், இருவரும் வைத்துவிட்டோம். கோபத்தில் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. நீ கேட்டது நியாயமான கேள்வி. நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற மறுமொழி என்னிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். அதோடு, ஆறாம் புத்தகம் வந்த அந்தப் பின்னேரம் நீ திரையை அணைத்த பிறகு இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன்னை வா என்றும் வராதே என்றும் சொல்வது சரியில்லை. அம்மா உள்ளே கண்ணயர்ந்திருக்கிறாள். எழும்பும்வரை எழுதுகிறேன்.

நான் தோட்டத்தோடு கிடந்தவன். நீயும் அம்மாவும் பைத்தியமாகக் கிடந்த அந்தக் கதையைப் பற்றி நான் எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் அது இந்த வீட்டுக்குள் வந்த நாளை நான் கண்டவன். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். இரசாயனவியல் புத்தகத்துக்கு நடுவே தடித்த ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றை வைத்து வாசித்ததைக் கண்டு அம்மா பறித்துக்கொண்டு போனாள். இங்கிலிஷ் ரீச்சரின் மகன் என்ன குப்பையை வாசிக்கிறான் என்று பார்க்கத்தான் பறித்தாள். அன்று சோறு குழைந்தது. மறுநாளும் குழைந்தது. நீ போய்ப் புத்தகத்தைக் கேட்டபோது, "பொறு, இந்த அதிகாரம் முடியட்டும்" என்றாள். அது யாரோ வாசித்துக் களைத்த பழைய பிரதி. நீ ஒரு பக்கம் இழுக்க அவள் ஒரு பக்கம் இழுக்க முதுகு பிளந்து இரண்டாகப் போனது. அதன் பிறகு முன்பாதி ஒருவர் கையிலும் பின்பாதி மற்றவர் கையிலுமாக இந்த வீட்டில் நடமாடினீர்கள். "பின்னுக்கு என்ன நடக்குதெண்டு சொன்னியளெண்டால் நான் சோதனைக்குப் போகமாட்டன்" என்று நீ அவளை வெருட்டியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உப்பளங்களுக்கு நடுவே ஒரு கோட்டை நகரம். அதை வளைத்து நிற்கிற ஒரு படை. வாய் பேசாத தளபதி. செம்பட்டைத் தலைமுடியுள்ள ராணி. செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பறவைகள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் நீங்கள் சாப்பிடும்போது கதைத்ததைக் கேட்டு. மொத்தம் ஏழு புத்தகம் என்று சொன்னீர்கள். எழுதுகிறவர் ஏதோ குளிர்நாட்டுத் தீவில் ஆடு வளர்க்கிற கிழவராம். ஐந்தாவது புத்தகம் வந்த வருடம்தான் நீ கனடாவுக்குப் போனாய். கோட்டைக் கதவை யாரோ உள்ளிருந்து திறந்துவிட்டார்கள் என்பதோடு அந்தப் புத்தகம் முடிந்தது. அத்தோடு அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். நீ அங்கே வேலை தேடினாய், வீடு மாறினாய், வதிவிடப் பேப்பருக்குக் காத்திருந்தாய். ஆறாவது புத்தகம் வரவில்லை.

நீ தொலைபேசி எடுக்கும்போது என்னோடு சுகம் விசாரிப்பாய், சாப்பிட்டீர்களா என்று கேட்பாய். பிறகு, "அம்மாட்டைக் குடுங்கோ" என்பாய். அவள் தொலைபேசியோடு கிணற்றடியைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். நீ அந்தப் பக்கம் கத்துவது மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டுகிற எனக்கே கேட்கும்.

"அந்தாள் இனி எழுதாது அம்மா. காசு கண்டிட்டுது. ஆட்டோடை விளையாடிக்கொண்டு இருக்குது."

"நீ போய்ப் பாத்தனியே? அது எழுதிக்கொண்டுதான் இருக்கும். எழுதினதைக் கிழிச்சுக்கொண்டும் இருக்கும்."

"எத்தினை வருசத்துக்கு?"

"வேணுமெண்ட அளவுக்கு. உனக்கென்ன அவசரம்? நீ கிழவனே?"

மகனைப் பிரிந்த தாய் வேறு எதையாவது கதைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேறு எதைக் கதைத்தாலும் இருவரும் அழுதிருப்பீர்கள் என்று பிறகு விளங்கிக்கொண்டேன்.

நீ போன பிறகு, முகம் பார்த்துச் சண்டை பிடிக்க அவளுக்கு ஆளில்லாமல் போயிற்று. முகநூலில் எதையோ பார்த்து, சுன்னாகத்தில் ஒரு ரியூசன் வகுப்புக் கொட்டிலில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்தாள். எல்லோரும் அந்தக் கதைக்குப் பைத்தியம் பிடித்தவர்கள். நான் அவளை மோட்டார்சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சந்தையில் வெங்காய விலை விசாரிக்கப் போவேன். முதல்நாள் திரும்பி வந்தபோது உள்ளே கேட்ட சத்தத்துக்கு, யாரோ அடிபடுகிறார்கள் என்று நினைத்துச் செருப்போடு ஓடினேன். உன் அம்மா எழும்பி நின்று மேசையில் தட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நிரூபன். அவனை உனக்குத் தெரியும், தொலைபேசி திருத்துகிற கடையில் வேலை செய்கிற பெடியன்.

"தளபதிதான் ரீச்சர் கதவைத் திறந்தது. பூட்டின்ரை திறப்பு அவரிட்டை மட்டும்தான் இருந்தது."

"திறப்பை வைச்சிருக்கிறவர்தான் திறக்கவேணுமோ? ராணி வாங்கித் திறந்திருக்கலாம்."

"ராணி ஏன் ரீச்சர் தன்ரை நகரத்தை எதிரிக்குத் திறந்துவிடப்போறா?"

"எதிரி உள்ளுக்கு வாறதுக்கெண்டு ஆர் சொன்னது? சனம் வெளியிலை போறதுக்குத் திறந்திருக்கலாம்தானே?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். குருநகரில் இருந்து பஸ் ஏறி வருகிற தாதிப் பிள்ளை மெரின்கூடச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டை நெருங்கி வர, ஊரோடு ஊராக நாங்களும் எழும்பி, மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தவர்கள். ஒரே ஒரு தெரு, அதில் அத்தனை சனம். நான் அதைப் பலருக்குப் பலதரம் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லத் தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

அவளுடைய வருத்தம், அந்த நோய், அந்தக் கொட்டிலில்தான் முதலில் தெரிந்தது. ஒரு ஞாயிறு ராணியின் வாதத்தை வைத்தாள். பிள்ளைகள் மறுத்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். கோப்பையை வைத்துவிட்டு, "எனக்கு இப்ப ஒண்டு தோன்றுது" என்று அதையே முதலிலிருந்து சொன்னாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தார்களாம். அதன் பிறகு ஒருநாள் புத்தூர்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். யாழ்ப்பாணத்தில் டொக்டரிடம் காட்டியதும், மறதி வருத்தம், மெல்ல மெல்லக் கூடும் என்று அவர் சொன்னதும், நீ விழுந்தடித்து வந்ததும் உனக்குத் தெரியும். அப்போது அவள் உன்னை நன்றாக அடையாளம் கண்டாள். நீ திரும்பிப் போகும்போது, "ஆறாவது வந்தால் முதல் பிரதி எனக்கு அனுப்பு, நீ வாசிச்சுப்போட்டு அனுப்பாதை" என்று படலைவரை வந்து சொன்னாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போக முடியாமல் போனபோது பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். நான் வாருங்கள் என்று கேட்கவில்லை. ஒரு ஞாயிறு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது, பார்த்தால் நிற்கிறார்கள். அவள் ஒவ்வொரு கிழமையும் ராணியைப் பற்றிச் சொன்னாள். ஒருநாள் நிரூபனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரீச்சர், உதைப் போன கிழமையும் சொன்னனீங்கள். அதுக்கு முந்தின கிழமையும் சொன்னனீங்கள்."

"அப்பிடியே?" என்றாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "சொன்னனானே நான்?" அதன் பிறகு அந்தப் பின்னேரம் முழுக்கச் சீலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். போகும்போது படலையடியில் வைத்து மெரின் அவனை ஏசியது எனக்குக் கேட்டது. "அவவுக்கு உது இண்டைக்குத்தான் தோன்றினது, நிரூ. நீயும் இண்டைக்குத்தான் கேக்கிற மாதிரிக் கேளன். உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

அடுத்த கிழமை அவன் ஐந்து புத்தகத்தையும் சுமந்துகொண்டு வந்தான். ராணியால் கதவைத் திறந்திருக்கவே முடியாது என்று பக்கம் புரட்டிப் புரட்டிச் சண்டை பிடித்தான். அவள் முகம் சிவக்க எழும்பி நின்று அவனை மடக்கினாள். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் அப்படியே. அவன் நடித்தான் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கு உண்மையிலேயே வேர்க்கும்.

மற்றவர்கள் எழுத்தாளரைத் திட்டுவார்கள். கிழவர் முடிச்சைப் போட்டுவிட்டு அவிழ்க்கத் தெரியாமல் நிற்கிறார் என்பார்கள். செத்துப்போனால் என்ன செய்வது என்பார்கள். உன் அம்மா மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டாள். முதலாம் புத்தகத்தை வாசிப்பாள், அடையாளத்துக்கு வேப்பிலை ஒன்றை வைப்பாள், மறுநாள் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். தொடக்கத்தில் ராணி குதிரையில் வருகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டு, "இஞ்சேருங்கோ, உவள் ஒரு பொல்லாத கெட்டிக்காரி, பாருங்கோவன்" என்பாள். நான் பார்ப்பேன். அந்தப் பக்கத்தில் உள்ள ஆங்கிலம் எனக்கு விளங்காது. அவள் முகம் விளங்கும்.

பிறகு ஆறாவது வந்தது. உன்னுடைய சிநேகிதனின் தாயாரிடம் நீ கொடுத்துவிட்ட பிரதி இங்கே வந்து சேர்வதற்குள் நிரூபனும் மெரினும் தங்கள் தொலைபேசியிலேயே வாசித்து முடித்துவிட்டார்கள். ஆனால் ஒருவரும் முன்கூட்டி வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக இருக்கும்போது சொல்லவேண்டும், நீயும் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். அந்தப் பின்னேரம் உன்னைத் தொலைபேசித் திரையோடு தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மேசையில் வைத்தோம். உன் பின்னால் ஜன்னலில் இன்னும் விடியவில்லை. அம்மாவுக்கு நான் மஞ்சள் சீலை உடுத்திவிட்டிருந்தேன், கொய்யக மடிப்பு சரியாக வரவில்லை, நீயும் கவனித்திருப்பாய்.

நிரூபன் அவளுடைய கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். "ரீச்சர், நீங்கள் சொன்னதுதான் சரி. ராணிதான் கதவைத் திறந்தது. சனம் போறதுக்குத்தான் திறந்தவ. நாங்கள் எல்லாரும் பிழை, நீங்கள் ஒராள்தான் சரி."

அவள் அவன் தலையில் கை வைத்தாள். "எந்த ராணி, தம்பி?"

அவன் சொன்னான். உப்பளம், கோட்டை, தளபதி எல்லாம் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல கதை போலை கிடக்கு. நீங்கள் வாசிச்சு முடிஞ்சாப் பிறகு எனக்கும் ஒருக்காத் தாங்கோ" என்றாள். அப்போதுதான் நீ திரைக்குள் இருந்து, "அம்மா, நான் சேந்தன். நீங்கள் வெண்டிட்டீங்கள் அம்மா" என்றாய். அவள் குனிந்து உன்னைப் பார்த்தாள். மரியாதையாக, முன்பின் தெரியாதவர்களோடு கதைக்கிற குரலில், "ஆர் தம்பி நீங்கள்?" என்று கேட்டாள். அத்தோடு திரை கறுத்துப்போயிற்று.

நீ ஏன் அணைத்தாய் என்று நான் கேட்கமாட்டேன். நான் உன் இடத்தில் இருந்தாலும் அணைத்திருப்பேன். நிரூபனும் எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். வாளி வாளியாக அள்ளி முகத்தைக் கழுவினான். நான் துடைக்கத் துணி கொண்டுபோனபோது, "அங்கிள், அந்தாள் ரெண்டு வருசம் முந்தி எழுதி முடிச்சிருந்தால்..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டான். அந்தக் கிழவர் மேல் எனக்கும் அந்த நேரம் ஆத்திரம் வந்தது. அவருடைய தீவிலே போய் நின்று, இவளுடைய முகத்தை ஒருக்கால் பார் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருக்கு எங்களை எப்படித் தெரியும்?

நாங்கள் திரும்பி உள்ளே வந்தபோது மெரின் நீ அனுப்பிய புத்தகத்தைப் பிரித்து, கதவு திறக்கிற அதிகாரத்தை அம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் ஆங்கிலத்தில், கொஞ்சம் தமிழில் சொல்லிச் சொல்லி. "மெதுவா வாசி, பிள்ளை. ஆரும் பின்னாலை கலைச்சுக்கொண்டு வரேல்லை" என்று ரீச்சர் குரலில் அம்மா திருத்தினாள். சனங்கள் மூட்டை முடிச்சோடு கதவால் வெளியேறி உப்பளத்து வரம்பிலே வரிசையாக நடக்கிறார்கள். பின்னால் நகரம் எரிகிறது. அந்த இடம் வந்ததும் அம்மா கையை நீட்டிப் புத்தகத்தை மறித்தாள்.

"மழையே?"

மெரின் பக்கத்தில் விரலை ஓடவிட்டுத் தேடினாள். "இதிலை மழை இல்லை, ரீச்சர்."

"மழைதான் பிள்ளை. நல்ல மழை. நான் பிள்ளையைத் துவாயாலை சுத்தி, அதுக்கு மேலை சீலையாலையும் மூடிக்கொண்டு நடந்தனான். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னாலை போனவர். ஒரு இடத்திலை பாத்தால், பிள்ளை மூச்சு விடுற மாதிரித் தெரியேல்லை."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அவரைக் கூப்பிடேல்லையே, ரீச்சர்?" என்று மெரின் கேட்டாள்.

"கூப்பிட்டால் அவர் நிண்டிடுவார். நிண்டால் பின்னாலை வாற சனம் எங்கை போறது? நான் நடந்தன். நெஞ்சோடை இறுக்கிக்கொண்டு நடந்தன். பாலத்தடி வரைக்கும் ஒரு அசைவும் இல்லை."

"பேந்து?"

"பேந்து அழுதான்." அவள் முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது, தம்பி. "வீரிட்டு அழுதான். பக்கத்திலை வந்த ஆக்கள் பிள்ளையை அமத்துங்கோ, அமத்துங்கோ எண்டு கத்திச்சினம். நான் அமத்தேல்லை. அழட்டும் எண்டு விட்டிட்டன்."

அந்த நடைக்குப் பிறகு முப்பது வருடத்துக்குக் கிட்ட அவளோடு வாழ்ந்திருக்கிறேன். அந்தத் தெருவில் அவளுக்கு இரண்டு எட்டு முன்னால்தான் போனேன். எனக்கு இது தெரியாது. நீ அழுத சத்தம் எனக்கு நினைவிருக்கிறது, பசியில் அழுகிறாய் என்று நினைத்தேன். எரிச்சல்கூடப் பட்டிருப்பேன். அவள் உன்னைச் செத்த பிள்ளையாகச் சுமந்துகொண்டு பாலம்வரை நடந்தாள் என்பதும், திரும்பவும் உன்னை அந்தப் பாலத்தடியில்தான் பெற்றாள் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. தன் பேரையே சில நாள் மறந்துபோகிறவள் அதை வைத்திருக்கிறாள்.

மெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை இப்ப எங்கை, ரீச்சர்?" என்று கேட்டாள். "படிக்கிறான்" என்றாள் உன் அம்மா. "சோதனை வருது. சத்தம் போடாதேங்கோ."

இதைத்தான் தொலைபேசியில் உன்னிடம் சொல்லத் தெரியாமல் நின்றேன். நீ கேட்ட கேள்விக்கு நேரான மறுமொழி வேண்டுமென்றால், இல்லை, தெரியாது. முகத்தில் தாடியோடு பெட்டி இழுத்துக்கொண்டு வருகிற உன்னை அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஏதோ ஒரு கணத்தில் கண்டுபிடித்துக் கட்டிப்பிடிப்பாள் என்று உனக்கு ஆசை காட்ட எனக்கு மனம் இல்லை. அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அதை நம்பி வராதே. டொக்டர் போனமுறை என்னைத் தனியே கூப்பிட்டு, இனி விழுங்குவதும் கஷ்டமாகும் என்று சொன்னார். அடுத்த பொங்கலைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். ஏழாவது புத்தகம் வராது, கிழவரின் கை நடுங்குகிறதாம் என்று நிரூபன் சொல்கிறான். எப்படியும் வரும் என்று மெரின் அவனோடு மல்லுக்கட்டுகிறாள். உன் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன சண்டை என்று தெரியாது, ஆனால் வீட்டில் இளம் குரல்கள் சண்டை பிடிப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் உன்னுடைய குரலும் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்காகவும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. முந்தநாள் பின்னேரம் நான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கனநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஐயா, பொழுது படுகுது. உங்களை வீட்டிலை தேடமாட்டினமே?" என்று கேட்டாள்.  எழும்பி வளவுக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழும்பவில்லை. "தேடுவினம்தான். கொஞ்சம் இருந்திட்டுப் போறன்" என்றேன். "அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். நானே போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். இருவரும் குடித்தோம். எந்த ஊர், என்ன தோட்டம், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தாள். ஒரு மகன் என்றேன். "கெட்டிக்காரனே?" என்றாள். ஓம் என்றேன். கலியாணம் பேசிய காலத்தில்கூட நாங்கள் இப்படி ஆறுதலாக இருந்து கதைத்ததில்லை.

நீ வந்தால் உன்னையும் அப்படித்தான் இருத்துவாள். எங்கேயிருந்து வருகிறீர்கள், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்பாள். இருக்கிறார்கள் என்று சொல்லு.

அப்பா